லூ சுன்னின் டோக்கியோ நண்பர்கள்

லூ சுன் எழுத்தாளரானது எவ்வாறு என்று வினவினால் இலக்கிய வாசகர் பலரும் ஒரே கதையைத்தான் சொல்வர். ஜப்பானின் செண்டாய் நகரில் மருத்துவம் பயிலும் ஒரு சீன மாணவர். பாடம் முடிந்து எஞ்சிய நேரத்தில் ரஷ்ய-ஜப்பானியப் போர்க் காட்சிகள் திரையில் காட்டப்படுகின்றன. ரஷ்யருக்கு உளவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சீனன் ஒருவன் தலை வெட்டுண்ணக் காத்திருக்கிறான்; சுற்றி நிற்கும் சீனர்கள் வாளா நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நோயுற்றிருப்பது தம் மக்களின் உடலன்று, உள்ளமே என்று தெளிந்த அம்மாணவர் 1906இல் மருத்துவக் கல்வியைத் துறக்கிறார். தம் முதல் சிறுகதைத் தொகுதிக்கு 1922இல் எழுதிய முன்னுரையில் லூ சுன்னே பதிவு செய்த நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து நம்மவர் வருவித்துக்கொள்ளும் முடிபுதான் நமக்கு உடன்பாடானதன்று. அயல் மண்ணில் தனித்து நின்று தவித்தவனே படைப்பாளி ஆகிறான், கூடிப் பேசிக் களிப்பவன் காலத்தை வீணாக்குகிறான் என்னும் எண்ணம் நம் இலக்கியப் பேச்சில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சான்றாகச் செண்டாய் மாணவரை முன்னிறுத்துவோர், அதே முன்னுரையின் அடுத்த பகுதியைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றனர். செண்டாயை விட்டு நீங்கிய லூ சுன் நேரே டோக்கியோ சென்றார். அங்கே அவர் முதலில் தேடியது தோழர்களை. செண்டாய் அவருக்கு ஒரு முடிவைத் தந்தது. அம்முடிவு எழுத்தாக விளைவதற்கு டோக்கியோ நட்புகளே நிலமாயின என்பது நம் கருத்து.

அக்காலத்து டோக்கியோவைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1896இல் சீன அரசு ஜப்பானுக்கு அனுப்பிய முதல் மாணவர் குழுவில் இருந்தவர் 13 பேர். பத்தே ஆண்டுகளில் டோக்கியோவில் பயின்ற சீன மாணவர் தொகை ஏறத்தாழ 8,000 ஆயிற்று. கண்டா பகுதியில் அவர்களுக்கென்று மாணவர் மன்றம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாகாணத்தாருக்கும் தனித்தனிச் சங்கம். அச்சங்கங்கள் வெளியிட்ட இதழ்கள் பல. சன் யாட் சென்னின் புரட்சிக் கூட்டமைப்பு 1905 ஆகஸ்டில் உருவானதும் இந்நகரில்தான். சீனத்திலிருந்து மட்டுமல்ல, பான் போய் சாவ் என்னும் வியட்நாமியத் தலைவரின் அழைப்பை ஏற்றுப் பிரெஞ்சு ஆட்சியின் கண்ணுக்குத் தப்பி வந்த இளைஞர்களும் அங்கிருந்தனர்.

1902இல் இக்கூட்டத்துக்குள் வந்து சேர்ந்த லூ சுன்னுக்கு அதன்பால் ஒவ்வாமையே மிகுந்தது. மஞ்சு அரசின் அடையாளமான நீண்ட சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்து, தலைமேல் ஃபுஜி மலையைச் சுமந்தவர்போல் செர்ரிப் பூக்களைக் காணத் திரியும் மாணவர்களை அவர் பின்னாளில் எள்ளி எழுதினார். மாணவர் மன்றத்தில் மாலை நேரங்களில் நடனப் பயிற்சியால் தரை அதிர்வதையும் எழுதினார். 1904இல் செண்டாயைத் தேர்ந்ததற்கு இந்த இரைச்சலும் ஒரு காரணம். அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் அவர் ஒருவரே சீனர்.

அங்கே அவருக்குக் கிடைத்த நன்மையையும் மறைத்தலாகாது. ஃபுஜினோ என்னும் உடற்கூற்றியல் ஆசிரியர் அம்மாணவரின் குறிப்பேடுகளை வாங்கி, விடுபட்டவற்றைச் சேர்த்து, மொழிப்பிழைகளையும் திருத்திச் சிவப்பு மையால் நிரப்பித் தந்தார். அதே காரணத்தால், வினாக்களை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று உடன் பயின்ற ஜப்பானியர் சிலர் பழி சுமத்தினர். ஆசிரியரின் படத்தைப் பீக்கிங் இல்லத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்த லூ சுன், அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதி அனுப்பாமலே காலத்தைக் கழித்துவிட்டதை 1926இல் வருத்தத்தோடு குறிப்பிட்டார். ஆசிரியரின் பரிவு மேலிருந்து பொழியும் மழை. அதற்கு நன்றி செலுத்தலாம், அதனோடு வாதிட இயலாது. வாதிடுவதற்குத் தோள் ஒத்த ஒருவர் வேண்டும்.

அத்தகைய ஒருவரை அவர் முன்பே பெற்றிருந்தார். டோக்கியோவில் மொழி பயின்ற நாளில் உடன் பயின்ற சூ ஷோஷாங். சீனரின் இயல்பில் இல்லாத பண்பு எது, அக்குறையின் வேர் எங்கே இருக்கிறது என்று இருவரும் ஓயாமல் பேசியதைச் சூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். படக்காட்சி கண்டு அதிர்ந்த உள்ளம் இப்பேச்சுகளால் முன்பே உழப்பட்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தனிமையில் முளைத்ததாகத் தோன்றும் வினா, உண்மையில் நட்பில் விதைக்கப்பட்டது.

1906 முதல் 1909 வரையிலான டோக்கியோ ஆண்டுகளில் லூ சுன் ஒரு ஜெர்மன் மொழிப் பள்ளியில் பெயரளவில் பதிந்திருந்தார். பழைய புத்தகக் கடைகளும் வாடகை அறையுமே அவர் கல்விக்கூடம். தம்பி சோவ் சுவோரென்னும் சூ ஷோஷாங்கும் உடனிருக்க, 1907இல் 'புதுவாழ்வு' என்னும் பெயரில் இலக்கிய இதழ் ஒன்றைத் தொடங்க முயன்றார். அட்டைப்படம்கூடத் தேர்வாயிற்று. இதழ் வெளிவரும் தறுவாயில் எழுதுவதாகச் சொன்ன சிலர் மறைந்தனர். பிறகு பணம் தருவதாகச் சொன்னவரும் நழுவினார். கையில் காசில்லாத மூவர் எஞ்சினர். 1909இல் அண்ணனும் தம்பியும் அயல்நாட்டுச் சிறுகதைகளை மொழிபெயர்த்து இரு தொகுதிகளாக வெளியிட்டனர். அச்சுச் செலவை ஏற்றவரும் ஒரு நண்பரே. டோக்கியோவில் முதல் தொகுதி 21 பிரதியும் இரண்டாம் தொகுதி 20 பிரதியும் விற்றன. முதல் தொகுதியில் அந்த ஒரு பிரதி கூடியதற்குக் காரணம், கடைக்காரர் சரியான விலைக்கு விற்கிறாரா என்று சோதிக்க நண்பர் ஒருவர் வாங்கியதுதானாம். சிற்றிதழ் நடத்தியோருக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

1908இல் சூ ஷோஷாங் பிடித்த ஒரு வீட்டில் ஐவர் கூடிக் குடியேறினர். சில காலம் முன்புவரை நாவலாசிரியர் நட்சுமே சோசெகி குடியிருந்த வீடு அது. அதே ஆண்டில் ஞாயிறுதோறும், நாடு கடந்து வாழ்ந்த பேரறிஞர் ஜாங் தையான், தாம் நடத்திய புரட்சி இதழின் அலுவலகத்தில் எண்மருக்கு மட்டும் பாடம் சொன்னார். பாடநூல், கி.பி. 100 அளவில் தொகுக்கப்பட்ட எழுத்து விளக்க அகராதி. நிகண்டு கற்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகச் சென்ற அவ்வகுப்பில், பாயில் அமர்ந்த எண்மருள் சியான் சுவான்தோங் என்பவருக்கு இருப்புக் கொள்ளாது. பேசிக்கொண்டே தவழ்ந்து தவழ்ந்து ஆசிரியரை நெருங்குவார். அவருக்குத் தவழ்பவர் என்னும் பொருளில் லூ சுன் பட்டப்பெயரே சூட்டிவிட்டார்.

இவையெல்லாம் வெறும் மாணவப் பருவ விளையாட்டுகள் என்று ஒதுக்குவோர், அடுத்து நிகழ்ந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு திரும்பிய லூ சுன்னுக்கு 1912இல் கல்வி அமைச்சகத்தில் பணி கிடைத்தது சூ ஷோஷாங்கின் பரிந்துரையால். பிறகு பல ஆண்டுகள் அவர் பழங்கல்வெட்டுப் படிகளை நகலெடுத்துக்கொண்டு ஊமையராய் இருந்தார். 1917இல் அவர் கதவைத் தட்டி, 'புதிய இளைஞர்' இதழுக்கு எழுதுமாறு வற்புறுத்தியவர் வேறு யாருமல்லர், டோக்கியோப் பாயில் தவழ்ந்த சியான் சுவான்தோங். சன்னலற்ற இரும்பு வீட்டுக்குள் உறங்குவோரை எழுப்புவது தகுமா என்ற புகழ்பெற்ற உரையாடல் நிகழ்ந்தது இவரோடுதான். 1918 மே மாதம் 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்தும் ஒருவரின் மௌனத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அன்றைய கூட்டத்தால் வந்த உரிமை.

இதற்கு எதிராக யூ தாஃபுவின் 'மூழ்கல்' கதையைக் காட்டுவோர் இருக்கலாம். 1921இல் வெளிவந்த அக்கதையின் நாயகன், ஜப்பானில் பயிலும் சீன மாணவன். ஜப்பானியரிடமும் ஒட்டாமல் தன் நாட்டவரிடமும் ஒட்டாமல் ஒடுங்கிச் சிதைகிறான். தனிமையின் இலக்கியத்துக்கு இதனினும் வலிய சான்று அரிது. ஆனால் கதாபாத்திரத்தின் வாழ்வும் ஆசிரியரின் வாழ்வும் ஒன்றல்ல. அதே 1921இல் டோக்கியோவில் குவோ மோரோ முதலியோருடன் கூடிப் 'படைப்புக் கழகம்' என்னும் இலக்கிய அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் யூ தாஃபுவும் ஒருவர். தனிமையைப் பொருளாகக் கொண்ட கதையும் ஒரு நண்பர் குழுவின் துணையோடுதான் வெளிவந்தது.

டோக்கியோக் குழுவுக்கு ஒரு குறையும் உண்டு. அது பெரிதும் சீனர்க்குள்ளேயே அடங்கியது. 1907இல் ஜாங் தையான் போன்றோர் இந்தியரையும் பிற ஆசியரையும் இணைத்து ஆசிய நல்லுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினராயினும் அது நெடுநாள் நீடிக்கவில்லை. தம்பி சோவ் சுவோரென் டோக்கியோவின் உணவையும் உடையையும் தெருக்களையும் நேசித்துத் தோய்ந்தார். அண்ணனுக்கு அத்தோய்வு வாய்க்கவில்லை. எனவே தம்மவரோடு மட்டும் பழகுவதே சிறந்த வழியென்று நாம் வாதிடவில்லை. எண்ணாயிரவர் திரண்ட மன்றமும் லூ சுன்னுக்கு உதவவில்லை, ஒருவரே நின்ற செண்டாயும் போதவில்லை. ஒரு வேலையை முன்வைத்துக் கூடிய ஐந்தாறு பேரே உதவினர் என்பதுதான் வரலாறு காட்டுவது.

இன்றும் ஆசிய நகரங்களுக்குப் படிக்கச் செல்லும் இளையோரிடம், யாரோடும் சேராதே, பாடத்தை மட்டும் பார் என்றுதான் பெற்றோரும் ஆசிரியரும் அறிவுறுத்துகிறோம். சென்ற இடத்தில் தனித்திருப்பதை ஒழுக்கமாகவும், நண்பர் அறையில் நள்ளிரவுவரை பேசியிருப்பதைச் சீர்கேடாகவும் கணக்கிடுகிறோம். லூ சுன்னின் பெற்றோர் காலத்து அளவுகோலால் அளந்தால் டோக்கியோவின் பின்மூன்றாண்டுகள் முழுத் தோல்வி: பட்டமில்லை, இதழ் வெளிவரவில்லை, புத்தகம் விற்கவில்லை. அந்தத் தோல்விக்கு உடனிருந்தோரின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால், நவீன சீன இலக்கியத்தின் தொடக்க வரிசையில் பாதியை அதில் காணலாம். செல்லும் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணை மட்டுமே கேட்டுக்கொண்டிராமல், யாருடன் எதைப் பற்றிப் பேசுகிறாய் என்றும் இனி நாம் கேட்கத் தொடங்கலாம்.