கோப்பாய்க்குப் போகும் வழியை யார் காட்டுவது?

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்ததும் எமது வீடுகளில் நடப்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். "உயர்தரத்தில் என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால் பிள்ளை வாப்பாவின் முகத்தைப் பார்க்கும். வாப்பா கடையைப் பற்றிப் பேசுவார். பெண் பிள்ளையென்றால் பேச்சு கல்யாணத்துக்குப் போய்விடும். கூட்டாளி எடுத்த பாடத்தையே தானும் எடுப்பவர்களும் உண்டு.

பிள்ளைகள் தாம் கண்ணால் காணும் தொழில்களில் இருந்துதான் ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது வீடும் கடையும் மட்டும் போகவில்லை. ஒரே தெருவில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வியாபாரியும் அடுத்தடுத்து வாழ்ந்த சூழலும் சிதறியது. மீளக் குடியேறியவர்கள் முதலில் பிழைப்பைத் தேடினார்கள். பழைய இரும்பு, தையல், சிறு வியாபாரம் கைகொடுத்தன. வியாபாரம் குறைவான தொழிலல்ல. நபி (ஸல்) அவர்களும் வியாபாரம் செய்தவர்களே. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று பிள்ளை நினைப்பது வேறு விடயம்.

யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் சில கிலோமீற்றர் போனால் கோப்பாய். தேசிய கல்வியியற் கல்லூரியும் ஆசிரியர் கலாசாலையும் அங்கேயே இருக்கின்றன. கல்வியியற் கல்லூரிக்கு உயர்தரப் பெறுபேற்றின்படி தெரிவாகி, இரண்டு வருடம் விடுதியில் தங்கிக் கற்று, பின் ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி பெற்றால் ஆசிரியர் டிப்ளோமா கிடைக்கும். சோனகத் தெருவில் நான் பேசிப் பார்த்த தரம் 11 பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. உயர்தரத்தில் எடுக்கும் பாடமே எந்தப் பயிற்சிநெறிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பெறுபேறு வந்தபின் விசாரிப்பவருக்குப் பாதி வாசல்கள் ஏற்கெனவே மூடியிருக்கும்.

வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து யாழ். இந்துக் கல்லூரியில் கற்ற ஏ.எம்.ஏ. அஸீஸ், 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமானார். முன்மாதிரி இல்லாத இடத்தில் தானே முன்மாதிரியானார். ஆனால் அதை எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்க முடியாது. அவரும் தன் உயர்வோடு நிற்கவில்லை. 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார்.

எமக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. தரம் 11 பிள்ளைகளைப் பெற்றோருடன், குறிப்பாக உம்மாமாருடன், ஒரு நாள் கோப்பாய்க்கு அழைத்துச் செல்வோம். எமது ஊர் ஆசிரியர்கள், தாதியர், தொழில்நுட்ப உத்தியோகத்தர்களைப் பள்ளிவாசல் மண்டபத்தில் பிள்ளைகளோடு பேச வைப்போம். பாடத் தெரிவுக்கு முன்னரே இதைச் செய்தால், அடுத்த வருடம் அதே கேள்விக்குப் பிள்ளை தானே பதில் சொல்லும், இன்ஷா அல்லாஹ்.