கட்டி முடித்த கடனுக்கு எத்தனை முறை அழுவது?

கடன் வாங்கி ஏமாற்றியவள் நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்கடனின் கடைசி டியூ வரை கட்டி, 'நோ டியூ' சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து, ஆர்.சி.யில் இருந்த ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரை நீக்கியவள். படிவம் 35-இல் அந்தக் கம்பெனியின் சீலும் கையெழுத்தும் இருக்கின்றன. ஒரு அரசு அலுவலகம் அந்தத் தாளை நம்பி, எனக்குக் கடன் பாக்கி இல்லை என்று ஏற்றுக்கொண்டது. அதே கம்பெனி, கடன் தகவல் நிறுவனமான சிபிலுக்கு அனுப்பிய கணக்கிலோ கடைசி டியூ 2,840 ரூபாய் வரவே இல்லை. அதற்கு வட்டி, வட்டிக்கு அபராதம் என்று ஆண்டுக்கணக்கில் என் பெயரில் பாக்கி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை.

மகளின் படிப்புக்கு வங்கிக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஏழரை லட்சம் வரை கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் போனேன். பிணை கேட்கவில்லை. கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடப்போகும் தாயின் சிபிலைப் பார்த்தார்கள். மேனேஜர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஓவர்டியூ நிக்குதுங்கம்மா. சரி பண்ணிட்டு வாங்க" என்றார். எங்கே போவது, யாரிடம் சொல்வது, எதை எழுதிக் கொடுப்பது? எதையும் சொல்லவில்லை. "நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அங்கே சொல்லாமல் விட்டதை விற்றுத்தான் ஒரு கூட்டம் பிழைக்கிறது. திருப்பூரில் லைட் கம்பங்களைப் பாருங்கள். 'டெய்லர் தேவை' நோட்டீசுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்: 'சிபில் ஸ்கோர் குறைவா? கவலை வேண்டாம், 750 உறுதி.' ஐந்து மிஷின் போட்டு பவர்டேபிள் நடத்துகிறவளுக்கு, பீஸ் ரேட்டுக்கு ராத்திரி வரை தைக்கிறவளுக்கு, அந்த நோட்டீசில் இருக்கும் போன் எண்ணைத் தவிர வேறு எந்தக் கதவு தெரியும்?

நானும் போனேன். ஏ.சி. போட்ட ஆபீஸ். டை கட்டிய பையன். "வாங்கக்கா, உக்காருங்கக்கா. இதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்றான். முன்பணம் 15,000 ரூபாய். என் நோ டியூ சான்றிதழை நீட்டினேன். அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் சிபில்ல செல்லாதுக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். நெஞ்சு கொதிப்பது இந்த இடத்தில்தான். நான் கட்டி முடித்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தாள். அதைத்தான் முதலில் கையில் எடுத்திருக்க வேண்டும்.

என் பான் கார்டு, ஆதார் நகல்களை வாங்கிக்கொண்டார்கள். போனைக் கையில் வாங்கி, வந்த ஓ.டி.பி.யை எல்லாம் அவர்களே போட்டுக்கொண்டார்கள். பிறகு அந்த ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஏஜென்டிடம் பேசி, 9,000 ரூபாய் கட்டினால் பாக்கி போய்விடும் என்றார்கள். "கட்டி முடிச்ச கடனுக்கு எதுக்குங்க மறுபடி கட்டணும்?" என்று கேட்டேன். "பொண்ணு படிப்பு முக்கியமா, 9,000 முக்கியமாக்கா?" என்றான். கட்டினேன். அடுத்து வந்த அறிக்கையில் அந்தக் கணக்குக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது. முழுக் கடனையும் கட்டியவருக்கு 'க்ளோஸ்டு' என்று வர வேண்டும். கட்ட வழியில்லாமல், குறைத்துப் பேசி முடித்துக்கொண்டவருக்குத்தான் 'செட்டில்டு' போடுவார்கள். எந்த வங்கி அதிகாரியும் அதைப் பார்த்ததும் பின்வாங்குவார். நேராக நின்று கடன் கட்டியவளைக் காசும் வாங்கிக்கொண்டு திவாலானவள் வரிசையில் நிறுத்திவிட்டார்கள்!

அதோடு நிற்கவில்லை. புதுக்கடன் ஒன்று வாங்கி ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் ஏறும் என்று சொல்லி, என் பெயரில் ஆப் கம்பெனிகளுக்கெல்லாம் விண்ணப்பம் தட்டியிருக்கிறார்கள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன், போனில் வரிசையாக எஸ்.எம்.எஸ். வருகிறது: உங்கள் கடன் அறிக்கையை இன்ன நிறுவனம் பார்த்தது, இன்ன நிறுவனம் பார்த்தது. ஒரே நேரத்தில் பல இடங்களில் கடன் கேட்டலைந்தால் ஸ்கோர் இறங்கும். அந்தப் பையனுக்கு அது தெரியாமலா இருக்கும்? 648-இல் இருந்த என் ஸ்கோர் 571-க்கு வந்து நின்றது. போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கூரியர் கடை.

"விவரம் தெரியாம ஏன் போய் மாட்டுனே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நான் தலைகுனிய மாட்டேன். விவரத்தைச் சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பொய்க் கணக்கு அனுப்பியவர் ஒரு இடத்தில், அதைச் சரிபார்க்காமல் வைத்திருந்தவர் ஒரு இடத்தில், அதைப் பார்த்துக் கடனை மறுத்தவர் ஒரு இடத்தில், அந்த மறுப்பை வைத்துக் காசு பார்த்தவர் ஒரு இடத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள். கேள்வி மட்டும் என்னிடம் வருகிறது!

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் என் 24,000 ரூபாயும் என் பெயரும் மிஞ்சியிருக்கும்.

சிபிலில் இருப்பதை எந்த ஏஜென்சியாலும் திருத்த முடியாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்த நாட்டில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு. கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் கணக்கைத்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவர் திருத்தி அனுப்பினால்தான் அங்கே மாறும். திருத்தக் கேட்பது கடனாளியின் உரிமை, அதற்குக் கட்டணமே கிடையாது. முழு அறிக்கையையும் ஆண்டுக்கு ஒரு முறை நான்கு நிறுவனங்களும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இது ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட உத்தரவு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தாமதத்துக்கு அவர்கள் எனக்குப் பணம் தர வேண்டிய நாட்டில், நான் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்!

இதையெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். அவர் முதலில் கேட்டது அறிக்கையை. அடுத்துக் கேட்டது அந்த நோ டியூ சான்றிதழை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணக்கு எண்ணையும் கடைசி டியூ தேதியையும் விரலால் ஓட்டிப் பார்த்தார். என் போனை அவர் தொடவில்லை. "ஓ.டி.பி.யை நீங்களே போடுங்கம்மா, எங்கிட்டகூடச் சொல்லாதீங்க" என்றார். எது திருந்தும், எது திருந்தாது என்பதையும் முகத்துக்கு நேராகச் சொன்னார். "நீங்க நிஜமாவே கட்டாம விட்டிருந்தா அதை யாராலயும் அழிக்க முடியாதும்மா. ஒழுங்காக் கட்டிக்கிட்டே வந்தா, நாளாக நாளாகத்தான் ஸ்கோர் ஏறும். உங்களுது அப்படியில்லை, இது அவங்க தப்பு." பணம் வாங்கிக்கொண்டு இந்த உதவியைச் செய்பவர்களிலும் நேர்மையானவர்கள் இருக்கலாம். ஆனால் அவர்களும் இப்படித்தான் பேச வேண்டும். அறிக்கையைப் பார்க்கும் முன்பே ஸ்கோருக்கு உத்தரவாதம் கொடுப்பவனும், வேலையைத் தொடங்கும் முன்பே பணம் கேட்பவனும், என்ன செய்யப்போகிறேன் என்று எழுதிக் கொடுக்க மறுப்பவனும் திருடன்தான். நயமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் 1996-லேயே இதற்குத் தனிச்சட்டம் போட்டுவிட்டார்கள். கடன் அறிக்கையைச் சரிசெய்து தருகிறோம் என்பவர்கள் வேலையை முடிக்கும் முன் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்துப் போட்டவர் மூன்று வேலை நாளுக்குள் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். இங்கே 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்குச் சட்டம் வந்தது. அந்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லித் தெருவில் கடை விரிப்பவர்களைக் கேட்க எந்தச் சட்டம் வந்தது? எனக்குக் கிடைத்ததெல்லாம் காவல் நிலையத்தில் ஒரு மனு ரசீது.

சிபில் என்பது பணக்காரர்கள் சமாச்சாரம் என்று இன்னும் யாராவது நினைத்தால், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைக் கேளுங்கள். வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தைச் சிபில் சரியில்லை என்று வங்கி ரத்து செய்தது. நீதிமன்றம் 2025-இல் அந்த ரத்தைச் சரியென்று ஏற்றுக்கொண்டது. பயிர்க்கடனுக்கும் சிபிலா என்று அதே ஆண்டு தமிழ்நாட்டு விவசாயிகள் கொதித்தார்கள். கடன், படிப்பு, வேலை எல்லாம் அந்த மூன்று இலக்க எண்ணில் தொங்கும்போது, அந்த எண்ணைத் தப்பாக எழுதியவனுக்குத் தண்டனை என்ன?

ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்திருக்கிறது: 'தாங்களே செட்டில்மென்டுக்கு ஒப்புக்கொண்டு தொகை செலுத்தியுள்ளீர்கள்.' இதை அவர்களால் எழுத முடிகிறது! அவர்களே சீல் வைத்துக் கொடுத்த சான்றிதழின் தேதி, அந்தச் செட்டில்மென்டுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னது. கட்டி முடித்த கடனுக்கு எங்கிருந்து வந்தது செட்டில்மென்ட்? இப்போது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் போயிருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். மகளின் முதல் வருட ஃபீஸை நகையை அடகு வைத்துக் கட்டினேன். இரண்டாம் வருடத்துக்கு வைக்க நகை இல்லை.

ரிசர்வ் வங்கியிடம் நான் கேட்பது சலுகை இல்லை. கடனை முடிப்பவருக்கு நோ டியூ சான்றிதழோடு, 'க்ளோஸ்டு' என்று பதிவான அறிக்கையின் நகலையும் கடன் கொடுத்தவரே கையில் கொடுக்க வேண்டும். 15 நாளுக்கு ஒரு முறை கணக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 2025-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டபோது இதற்கு என்ன தடை? சிபிலைக் காரணம் காட்டிக் கடன் மறுக்கும் வங்கி, எங்கே புகார் கொடுப்பது, அது இலவசம் என்பதைத் தமிழில் அச்சடித்த தாளாகக் கொடுத்து அனுப்ப வேண்டும். முன்பணம் வாங்கும் சிபில் கடைகளைத் தடை செய்ய வேண்டும்.

அதுவரை, இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நோ டியூ சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள். கட்டி முடித்த கடனுக்குச் செட்டில்மென்ட் என்று எவன் சொன்னாலும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். முதலில் கடன் கொடுத்தவருக்கும் சிபிலுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். எப்படிப் போவது என்று கேட்க ரிசர்வ் வங்கியின் எண் 14448. தமிழிலேயே பேசலாம், கட்டணம் எதுவும் கிடையாது.