உயரம் ஒன்றே போதுமா?

காற்பந்தே மூச்சான கொல்கத்தாவில் கூடைப்பந்தைப் பற்றி ஒரு சொல்.

பஞ்சாபின் சத்னாம் சிங் ஏழடி இரண்டங்குல உயரம். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52ஆவதாக அவரைத் தேர்ந்தது, என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கவில்லை. அதே மண்ணின் முன்கள வீரர் பிரின்ஸ்பால் சிங் 2020இல் ஜி லீக் இக்னைட்டில் சேர்ந்தார். 2021இல் கோடைப் போட்டியை வென்ற சாக்ரமெண்டோ அணியிலும் இருந்தார். அன்றும் என்.பி.ஏ. கதவு திறக்கவில்லை.

இருவரும் அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடாதவர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவையைக் கொண்டு நான் முடிவு கூறினால் பேராசிரியர் ஏற்பாரா? உயரத்தை நாடா அளக்கும். காலின் விரைவையும் நொடியில் முடிவெடுக்கும் அறிவையும் தொடர்ந்த ஆட்டமே அளக்கும். அந்த ஆட்டத்தைத் தரவேண்டியது கல்லூரி. நம் கல்லூரிகளோ ஆடுபவனை வருகைப் பதிவுக்குக் கெஞ்ச வைக்கின்றன! நெட்டைப் பையனைக் கண்டு வியந்தது போதும். அவன் ஆட வழி விடுவோம்!