தீவுப் பயணமும் மலைநாட்டு மாணவரும்

அப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில் லிப்டன் இருக்கை என வழங்கும் இடத்தில் நின்று நோக்கினால், வானம் தெளிந்த காலைகளில் தெற்கே வெகு தொலைவில் கடல் ஒரு மெல்லிய கோடாகத் தோன்றும். தோட்டங்களிலிருந்து எம்மிடம் கற்க வரும் பிள்ளைகளுட் பலர் கடலைக் கண்டிருப்பது இவ்வளவே. தீவு என்பது நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெறும் அவர்கள், தாமும் ஒரு தீவிலேயே வாழ்கின்றனர் என்பதைத் தேசப்படத்தில் மட்டுமே கண்டறிவர். விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு எம்மைப் பணித்தபொழுது, கல்லூரியின் பழம்பெருமையை எழுத வல்லார் பலர் உளர். நாம் இப்பிள்ளைகள் செல்லவேண்டிய ஒரு பயணத்தைப் பற்றி எழுதுவோம் என்று துணிந்தோம்.

விடுமுறை, தீவு என்னும் இரு சொற்களும் ஒருங்கே காதில் விழுந்த அளவில் இக்காலத்தார் உள்ளம் மாலைதீவையே நாடுகின்றது. எம் பழைய மாணவருள் வசதி படைத்தோர் சிலர் குடும்பத்துடன் அங்குச் சென்று வந்தும் உள்ளனர். அதில் யாதொரு குற்றமும் இல்லை. உழைத்தவன் இளைப்பாறுதல் முறையே. எனினும் ஆண்டுள்ள ஏறக்குறைய 1200 தீவுகளில், மக்கள் குடியிருப்பன இருநூறுக்கும் குறைந்தனவே. 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய விடுதித் தொழில், குடியில்லாத தீவுகளையே தெரிந்தெடுத்து ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் வளர்ந்தது. ஆதலின் பல்லாண்டுகளாக அங்குச் சென்ற விருந்தினர் கடலைக் கண்டனர், மீனைக் கண்டனர், மணலைக் கண்டனர். மாலைதீவு மக்களின் அடுக்களையையும் பள்ளிக்கூடத்தையும் கண்டாரல்லர். மக்களைக் காணாது திரும்பும் பயணம் கண்ணுக்கு விருந்தாகலாம், கல்வியாதல் அரிது.

மாணவரை அழைத்துச் செல்வதற்குக் கடவுச்சீட்டு வேண்டாத தீவுகள் எமக்கு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து வேலணை வழியாகப் புங்குடுதீவு சென்று, அதன் கோடியிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடையலாம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை லைடன் ஆயிற்று. காரைநகர் அம்ஸ்ரடாம் ஆயிற்று. அனலைதீவு றொட்டடாம் ஆயிற்று. அப்பெயர்கள் யாவும் வழக்கிறந்தொழிய, நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்துள்ளது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அத்தீவில் மலையுமில்லை, ஆறுமில்லை. முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளும், பனைகளும், ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவும், முதிர்ந்த பெருக்குமரமும், ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்து இன்று கட்டின்றித் திரியும் குதிரைகளும் அங்குள்ளன. ஐயாயிரத்திற்கும் குறைந்த மக்கள் மீன்பிடியாலும் கால்நடையாலும் சிறு பயிர்களாலும் வாழ்கின்றனர்.

அதே துறையிலிருந்து சிறிது நேரத்தில் சென்றடையத்தக்கது நயினாதீவு. அங்கு நாகபூசணி அம்பாள் ஆலயமும் நாகதீப விகாரையும் அண்மையில் அண்மையில் நிற்கின்றன. மணிமேகலைக் காப்பியத்திலே பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுவே எனக் கொள்ளும் அறிஞர் உளர். பௌத்தர் போற்றும் பதினாறு தலங்களுள் நாகதீபம் ஒன்று. மகியங்கனையும் முத்தியங்கனையும் வேறு இரண்டு. பின்னைய இரண்டும் எமது பதுளை மாவட்டத்திலேயே உள்ளன. ஆதலின் எம் சிங்கள அயலார்க்கு நயினாதீவு தொலைதூர இடமன்று. அவர்கள் காலங்காலமாக அங்குச் சென்று வருகின்றனர். வடக்கிலிருந்தோ, செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கிழக்குக் கரையோரமாகப் பல வாரங்கள் நடந்து கதிர்காமம் சேரும் அடியார் கூட்டம் ஆண்டுதோறும் ஊவா மாகாணத்துள் வந்து புகுகின்றது. வடபுலத்தார் கால் நோவ நடந்து எம் மாகாணத்துக்கு வருகையில், நாம் பஸ்ஸில் அமர்ந்து அவர்கள் தீவுக்குச் செல்லத் தயங்குவது ஏன்?

மலைநாட்டுப் பிள்ளைகள் கடலைக் காணவேண்டும் என நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்களுடைய வரலாறு மலையில் தொடங்கவில்லை, கடற்கரையில் தொடங்கியது. அவர்தம் மூதாதையர் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மாண்டவர் தொகை பெரிது. 1914 இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருகரையிலும் புகையிரதமும் இணைந்தன. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அதே கரையினின்றே எத்துணையோ குடும்பங்கள் இராமேசுவரத்துக்குத் திரும்பின. 1823 ஐத் தொடக்கமாகக் கொண்டு இருநூறு ஆண்டு நிறைவை நினைந்து, 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தமையை யாவரும் அறிவர். பாட்டனாரின் பாட்டனார் கடந்த கடலைப் பேரன் ஒருமுறையேனும் தொட்டுப் பார்த்தல் வேண்டாமா?

இனி, எப்படிச் செல்வது என்பதை ஆராய்வோம். பயணத்திட்டம் என்றவுடன் பஸ், உணவு, கட்டணம் என்பனவே முன் நிற்கின்றன. அவற்றுக்கும் முன்னே நிற்கவேண்டியது மனத்திட்டம்.

பிறர் வந்து பார்க்கும் பொருளாக இருப்பது எத்தகையது என்பதை ஊவாத் தோட்டத்தார்க்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. எல்லவுக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் நாள்தோறும் வரும் பயணியர், பசுமையைப் புகழ்கின்றனர். கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணைப் படம் பிடிக்கின்றனர். அவள் பெயரைக் கேட்பார் அரியர். அவள் திரும்பிச் செல்லும் லயத்தின் கூரை ஒழுகுகின்றதா என்று கேட்பார் அவரினும் அரியர். தன் தாய் பிறர் படத்தில் ஒரு காட்சியாக நிற்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, நெடுந்தீவில் வலை செப்பனிடும் முதியவரைக் கண்டதும் கைபேசியை நீட்டலாகாது. முதலில் வணக்கம் சொல்லட்டும். ஊரும் பேரும் சொல்லட்டும். படம் பிடிக்கலாமா என்று கேட்கட்டும். இவ்வொன்றைக் கற்றுத் திரும்பினாலும் பயணச் செலவு வீணாகாது.

அடுத்தது தண்ணீர். துன்கிந்தை அருவியின் ஓசை கேட்டு வளர்ந்தோருக்கு நெடுந்தீவின் தாகம் எளிதில் விளங்காது. அங்கு மழைநீர் நிலத்தினுள் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறிவிடும். நன்னீர்க் கிணறுகள் சிலவிடத்தே உள்ளன; கோடையில் கால்நடைகள் நீரின்றி மாள்வதும் உண்டு. நாற்பது பேர் கொண்ட ஒரு மாணவர் கூட்டம் கிணற்றடியில் நின்று களிப்புற நீராடிச் சென்றால், இழப்பு யாருக்கு? ஆதலின் குடிநீரை இயன்றவரை உடன் கொண்டு செல்லல் வேண்டும். வெறும் போத்தல்களையும் உறைகளையும் திரும்பக் கொண்டுவரல் வேண்டும். உணவை மட்டும் கொண்டுசெல்லாது, தீவிலுள்ள குடும்பங்களிடம் முன்கூட்டிச் சொல்லி, உரிய விலை கொடுத்து உண்பதே முறை. அங்ஙனஞ் செய்தால் நாம் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அவ்வூரிலேயே தங்கும்.

காலத்தையும் தெரிந்தெடுத்தல் வேண்டும். மார்கழி விடுமுறையில் வாடைக்காற்றும் மழையும் கடலைக் கலக்கும். ஆவணி விடுமுறையில் சோளகம் வீசி அலையை எழுப்பும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைப்பாதைகளைச் சிதைத்ததைக் கண்ட எமக்கு, மழைக்காலத்தில் பிள்ளைகளைப் பாதையேற்றுவதன் அபாயத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே மாசி பங்குனி மாதங்களும், சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களுமே ஏற்றவை. வெயில் கடுமையாயினும் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். படகுகள் நாளுக்குச் சில முறையே செல்வதால் திரும்பும் நேரத்தை முதலில் உறுதி செய்தல் வேண்டும். உயிர்காப்பு அங்கி அணியாத எவரையும் படகில் ஏற்றலாகாது. பதுளையிலிருந்து ஓரிரவுப் பயணம். யாழ்ப்பாணத்தில் ஒருநாள் தங்கல். மூன்றாம் நாள் நெடுந்தீவு. நான்காம் நாள் நயினாதீவு. ஒரே நாளில் ஓடியோடிப் பத்து இடம் பார்ப்பதிலும் இரண்டு தீவுகளை ஆறுதலாகக் காண்பது நன்று.

அந்தக் கடலில் துயரமும் உண்டு. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகிலே பயணம் செய்த பொதுமக்கள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1983 யூலையில் பதுளை நகரம் எரிந்ததை எம் மூத்தோர் மறந்திலர். இரண்டையும் அறிந்த ஆசிரியர், இறங்குதுறையில் ஒரு நிமிடம் பிள்ளைகளை அமைதியாக நிற்கச் செய்வாராக. பகை மூட்டுவதற்காக அன்று. இவ்வழியே போனவர்களும் எம்மைப்போல வீடு சேர நினைந்தவர்களே என்பதை உணர்த்துவதற்காக.

ஈண்டு எமது குறை ஒன்றையும் கூறியாகவேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பாடசாலையில் கடற்கரைச் சுற்றுலா ஒன்றை ஒழுங்கு செய்தோம். பணம் செலுத்தியோர் பெயர்களை எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டினோம். ஒழுங்கான காரியம் என்றே அன்று எண்ணினோம். தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவன், தமிழில் எப்பொழுதும் முதற்புள்ளி பெறுபவன், சுற்றுலாவுக்கு முன் நான்கு நாளும் பின் இரண்டு நாளும் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றான். பின்னர் ஒருநாள், எல்லோரும் சென்றபின் எம் மேசையருகே வந்து, "சேர், கடல் தண்ணி உண்மையாகவே உப்பா?" என்று கேட்டான். அப்பொழுதுதான் அக்காய்ச்சல் எத்தகையது என்பது எமக்கு விளங்கிற்று. அவன் பெயர் இல்லாத அந்தப் பட்டியலை எழுதிய கை எம்முடையது. அவ்வினாவுக்கு நாம் சொல்லிய விடை இன்று நினைவில்லை, வினா மறக்கவில்லை.

ஆதலின் பழைய மாணவர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். விழாவுக்கு மண்டபமும் வளைவும் எழுப்புவது நன்றே. அவற்றோடு ஒரு பயண நிதியையும் நிறுவுங்கள். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு முழுமையாகத் தீவுகளுக்குச் செல்லட்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே சிறு தொகையைச் செலுத்தட்டும். மீதியை நிதி ஏற்கட்டும். எவருடைய பெற்றோர் எவ்வளவு கொடுத்தனர் என்பது எந்தச் சுவரிலும் ஏறாதிருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டு அணியினரும் சில இருக்கைகளின் செலவை ஏற்றால், இது பெருஞ்சுமையாகாது. மாலைதீவுக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் விமானச் செலவைக் கொண்டு எத்தனை பிள்ளைகள் நெடுந்தீவைக் காணலாம் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மற்றொன்று, சென்றவர் மட்டும் பயனடைவது நிறைவாகாது. நெடுந்தீவிலும் பாடசாலைகள் உண்டு. கஷ்டப் பிரதேசம் என்னும் சொல் அத்தீவுக்கும் எம் தோட்டங்களுக்கும் பொது. வந்த ஆசிரியர் மாற்றம் கேட்டுச் செல்வதும் இரு இடத்தும் பொது. எம் மாணவர் அங்குச் சென்ற மறு ஆண்டில், அத்தீவின் பிள்ளைகளை நாம் பதுளைக்கு அழைப்போம். ஆறு காணாத அவர்கள் பதுளை ஓயாவில் கால் நனைக்கட்டும். நமுனுகுல மலையின் முகிலைப் பார்க்கட்டும். எம் பிள்ளைகளின் இல்லங்களில், லயமாயினும், ஒருவேளை உணவு கொள்ளட்டும். விருந்தினனாகச் சென்றவன் விருந்தோம்பவும் கற்றால் அன்றோ கல்வி முற்றும்?

இக்கல்லூரி தோன்றிய காலத்தில், தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர் இருந்தனர். இன்று பயணம் எதற்கு என்று கேட்பவரும் இருக்கலாம். அவர்களுக்கு நாம் நீண்ட விடை கூறப்போவதில்லை. குறிகட்டுவான் துறையில் படகு அசையத் தொடங்கும்பொழுது, பின்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை எவரும் அறியாமல் கையை நீரில் நனைத்து விரலை நாவில் வைத்துப் பார்க்கும். விடையை அது தானே கண்டுகொள்ளட்டும். அந்நாளை விரைவிற் காட்டுமாறு எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சி அமைகின்றோம்.