வேண்டிக்கொள்ளும் என்னும் வினை

கத்தோலிக்கப் புனிதர்களை நாட்டார் தெய்வங்களின் வரிசையில் வைத்து எழுதுவது நம் ஆய்வுலகில் பழகிப்போன ஒன்று. கொடியேற்றம், தேர், மொட்டை, நேர்த்திக்கடன் என ஒப்புமைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒப்புமை கண்டவுடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகக் கொள்வது நமக்கு உடன்பாடன்று.

தமிழ்க் கத்தோலிக்கர் ஓதும் மன்றாட்டுமாலையைச் சற்றே செவிமடுத்தால் போதும். இறைவனை விளிக்கையில் இரக்கம் கேட்கிறார்கள். மரியன்னையையோ அந்தோனியாரையோ விளிக்கையில் வினை 'வேண்டிக்கொள்ளும்' என்று மாறிவிடுகிறது. கொடுப்பவர் ஒருவரே, புனிதர் நம்மோடு நின்று கேட்பவர். ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்தது. அவ்வேறுபாட்டை எழுத்தறியாத மூதாட்டியும் ஒரு வினைச்சொல்லில் காத்துவருகிறார். இலக்கணம் கற்றோர் அதைக் கவனியாதிருப்பதுதான் வேடிக்கை.

இன்னொன்று. திருச்சபை எவரையும் புனிதராக 'ஆக்குவதில்லை'. இவர் இறைவனிடத்தில் இருக்கிறார் என்று அறிவிக்கிறது, அவ்வளவே. 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயத்தை 2022 மே 15 அன்று உரோமை அவ்வாறு அறிவித்தது. பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் அப்போது விடப்பட்டது. வரம் வேண்டி வருவோர் அவரது அற்புதங்களைப் பேசட்டும். திருச்சபை அவரை மறைசாட்சி என்றே அழைக்கிறது: 1749 முதல் மூன்றாண்டு விலங்கில் வதைபட்டும் நம்பிக்கையைக் கைவிடாமல், 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட மனிதர் அவர்.