கறி யார் வீட்டுச் சொல்?

ஆங்கிலவன் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் 'கர்ரி' என்னும் சொல் நம் கறியே. இதைச் சொல்லத் தமிழன் தயங்க வேண்டுவதில்லை. ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலி அதற்கு மூலம் தமிழ் என்றே குறித்துள்ளது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன் சாப்சன்' சொற்றொகையும் அவ்வாறே கூறுகின்றது. இருந்தும் என்ன? வடவரின் 'கடாய்' என்னும் ஏனத்தின் பெயரே அது என்பான் ஒருவன். மோரில் கடலைமாவு கரைத்துக் காய்ச்சும் 'கடி'யினின்று வந்தது என்பான் மற்றொருவன். வெள்ளையன் தானே படைத்துக் கொண்டது என்பான் மூன்றாமவன். நம்மவரோ மூவருக்கும் தலையாட்டுகின்றனர்!

லின்சோத்தன் என்னும் ஒல்லாந்தர் 1580களில் கோவாவில் வாழ்ந்தவர். அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598இல் வந்தது. அங்குள்ளோர் மீனைச் சாற்றில் வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்பர், அது சற்றே புளிக்கும், அதன் பெயர் 'கர்ரியெல்' என்று அதிற் காண்கின்றோம். போர்த்துக்கீசியர் நாவில் 'கரில்' என்று திரிந்த கறியே அது. புளிச்சாறு, மீன், சோறு. இது யார் வீட்டு உணவு? மோர்க்கூழாகிய கடியில் மீன் ஏது? பின்னர் 1747இல் அன்னா கிளாசு அம்மையார் தம் சமையல் நூலில் இந்திய முறையில் 'கர்ரி' ஆக்கும் வகையை எழுதினார். ஆங்கிலவனிடம் வல்லின றகரம் இல்லை. ஆகவே கறி கரியாயிற்று! பொறுத்துக் கொள்வோம்.

வெள்ளையன் படைத்தது என்பார் காட்டும் சான்று, இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் மடைத்தொழிலாளர் 1390 அளவில் தொகுத்த சுவடி. அதில் வரும் 'கூரி' என்னும் சொல் சமைத்தல் என்னும் பொருளுடைய பழம் பிரெஞ்சுச் சொல், இலத்தீன் வழியது. அது சமையற் கலைக்குப் பெயரேயன்றிக் குழம்புக்குப் பெயரன்று. ஒலி ஒத்தால் உறவு என்பது சொல்லாய்வாகுமா?

இவ்வளவு கோல் நமக்கும் பொருந்தும். குதிரையைத் தேய்த்துத் துப்புரவு செய்தலையும் ஆங்கிலத்தில் 'கர்ரி' என்பர். பிறர் தயவு பெறக் குழைதலைக் குறிக்கும் அவர்தம் மரபுத்தொடரும் பிரெஞ்சுப் பாட்டில் வரும் ஃபோவெல் என்னும் குதிரையைத் தடவிக் கொடுத்ததினின்று பிறந்தது. அவற்றையும் தமிழென்று இழுத்து வருவார் நம்முள் சிலர் உளர். வேண்டா! பிறன் குதிரை நமக்கெதற்கு? ஒரு பொய்யுரிமை நூறு மெய்யுரிமையைக் கெடுக்கும்.

நம் உரிமைக்கு வேர் ஆழமானது. கறித்தல் என்பது கடித்துத் தின்னல். கழக நூல்களில் கறி என்பது மிளகு. முசிறித் துறையில் யவனர் பொன் கொடுத்து வாங்கிய அதே மிளகு. காய்க்கும் ஊனுக்கும் சோற்றுக்குத் துணையாக ஆக்கிய தொடுகறிக்கும் அப்பெயர் பொதுவாயிற்று. மலையாளத்தார் இன்றும் கறி என்றே வழங்குகின்றனர்.

தமிழ்நாட்டிலோ கறி என்றால் புலால் மட்டுமே என்று பலர் சுருக்கிவிட்டனர். 'காய்கறி' என்று வாயாரச் சொல்லிக்கொண்டே, உணவகப் பட்டியலில் 'வெசிடபிள் கர்ரி' என்று அச்சிடுகின்றனர்! இலையின் கதை இன்னும் கேடு. ஆங்கிலவன் அதைக் 'கர்ரி' இலை என்று கறியோடு சேர்த்தே காத்து வைத்திருக்கின்றான். கறிவேப்பிலை என்று எழுதவேண்டிய தமிழன் 'கருவேப்பிலை' என்று எழுதிக் கறியைத் தொலைத்துவிட்டான். வேற்று மொழியான் காத்ததை வீட்டுக்காரன் இழந்தான், வெட்கக்கேடு!

ஈழத்தில் அந்நிலை இல்லை. அங்கே பருப்பும் கறி, கத்தரிக்காயும் கறி, மீனும் கறி. யாழ்ப்பாணத்து வீட்டில் 'இன்றைக்கு என்ன கறி?' என்று கேட்டால் 'பூசணிக்காய்' என்று விடை வரும், கேட்டவர் வியப்பதில்லை.