தலை குனிந்து வாசித்தவர்கள்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல மழை. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. நான் மாணவர்களின் கட்டுரைப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் மழை விட்டது. ஆனால் இரைச்சல் மட்டும் விடவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், அது என் மகளின் அறையிலிருந்து வருகிறது!

"என்னம்மா இது, ரேடியோ கெட்டுப் போச்சா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, பாட்டுத்தான். ஷூகேய்ஸ்."

"ஷூ கேஸா? சப்பாத்து வைக்கிற பெட்டியா?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேஸ் இல்லப்பா, கேய்ஸ். உத்துப் பாக்கிறது. சப்பாத்தையே பாத்துக்கிட்டு வாசிக்கிறவங்க" என்றாள்.

என் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்று அரை மணி நேரம் பேசினாள். அவள் போட்டுக் காட்டிய பாட்டுகளைக் கேட்டேன். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என்னைப் போன்ற வாத்தியார்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று பட்டது. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

மழைக்குள் ஒரு குரல்

முதலில் இந்த இசை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வெளியே மழை கொட்டும்போது வகுப்பில் ஒரு பிள்ளை செய்யுள் ஒப்புவித்தால் எப்படிக் கேட்கும்? குரல் கேட்கும், சொல் பிடிபடாது. அந்த ராகம் மட்டும் மழைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ அதுதான் ஷூகேய்ஸ். கித்தார்களின் பேரொலியை மழை என்று வைத்துக்கொண்டால், பாடுபவரின் மெல்லிய குரல்தான் அந்தப் பிள்ளை. நம் பாட்டுகளில் குரல் முன்னே நிற்கும். வாத்தியம் பின்னே வரும். இவர்களோ குரலையும் ஒரு வாத்தியமாக்கி, மற்றவற்றோடு கலந்துவிடுகிறார்கள்.

இந்த ஒலியை உண்டாக்குவது மின்சாரக் கித்தாரும், மேடையில் காலடியில் வரிசையாக வைத்திருக்கும் பெடல் எனப்படும் சிறு பெட்டிகளும். ஒரு பெட்டி ஒலியைக் கரகரப்பாக்கும். ஒன்று எதிரொலி தரும். இன்னொன்று ஒலியை அலையலையாக நெளியச் செய்யும். இவற்றைக் காலால் அழுத்தி மாற்ற வேண்டும். ஆகவே வாசிப்பவர் கீழே பார்க்காமல் முடியாது.

இவர்களுக்கு முன்பே வழி போட்டவர்கள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். காக்டோ ட்வின்ஸ் என்ற குழு மிதப்பது போன்ற இசையைத் தந்தது. ஜீசஸ் அண்ட் மேரி செயின் என்ற குழு 1985-ல் இரைச்சலுக்குள் இனிய மெட்டை வைத்துத் தந்தது. இந்த இரண்டையும் இணைத்து மேலே கொண்டு சென்ற குழு மை பிளடி வேலன்டைன். 1983-ல் அயர்லாந்தின் டப்லின் நகரில் தொடங்கி, பிறகு லண்டனில் நிலைகொண்டது. அதன் தலைவர் கெவின் ஷீல்ட்ஸ். கித்தாரில் தந்திகளின் சுருதியை அசைக்கும் ஒரு கைப்பிடி உண்டு. மற்றவர்கள் எப்போதாவது ஒருமுறை அதை அழுத்துவார்கள். இவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தந்தியை மீட்டினார். அதனால் ஒலி முழுவதும் தொட்டில் போல் ஆடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது உண்மை. மூன்றாம் தடவை கேட்டபோது, நிறுத்த மனம் வரவில்லை என்பதும் உண்மை.

இக்குழுவின் 'லவ்லெஸ்' என்ற தட்டு 1991 நவம்பரில் வந்தது. அதைப் பதிவு செய்ய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஏறத்தாழ 19 ஒலிப்பதிவுக் கூடங்கள் மாறினார்கள். பாடகி பிலிண்டா புட்சர் விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டுப் பாடியதும் உண்டாம். அந்தத் தூக்கக் கலக்கம் குரலில் அப்படியே இருக்கிறது!

கேலியாகப் பிறந்த பெயர்

அதே காலத்தில் ஆக்ஸ்போர்டு நகரில் ரைட், ரெடிங் நகரில் ஸ்லோடைவ், லண்டனில் லஷ் என்று பல குழுக்கள் தோன்றின. எல்லாரும் இளவட்டங்கள். ஸ்லோடைவ் 1989-ல் தொடங்கியபோது அதன் பாடகர்கள் நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் கோஸ்வெல் இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. சிறு வயது முதலே தோழர்கள்.

இவர்கள் மேடையில் ஆட மாட்டார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கத்த மாட்டார்கள். தலை குனிந்து வாசித்துவிட்டுப் போவார்கள். மூஸ் என்ற குழுவின் பாடகர், பாட்டு வரிகளைத் தரையில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பாடினாராம். அதைக் கிண்டல் செய்து 'ஸவுண்ட்ஸ்' என்ற இசைப் பத்திரிகையில் வந்த வார்த்தைதான் இந்தச் 'சப்பாத்துப் பார்ப்பவர்கள்' என்ற பெயர். இவர்கள் ஒருவர் கச்சேரிக்கு ஒருவர் போய் வந்ததால், தங்களைத் தாங்களே கொண்டாடிக்கொள்ளும் கூட்டம் என்றும் இன்னொரு பத்திரிகை பட்டம் சூட்டியது.

விமர்சகர்கள் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. வசதியான ஊர்ப் பிள்ளைகள், நாட்டு நடப்பைப் பற்றி ஒன்றும் பாடவில்லை, எல்லாருடைய பாட்டும் ஒன்று போலவே இருக்கிறது என்றார்கள். அதுவரை சரி. ஆனால் 1993-ல் ஸ்லோடைவ் தந்த 'சூவ்லாக்கி' தட்டைப் பற்றி ஒரு விமர்சகர் என்ன எழுதினார் தெரியுமா? இதை இன்னொரு முறை கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய தொட்டியில் மூச்சுத் திணறிச் சாகலாம் என்று எழுதினார். பிரையன் ஈனோ போன்ற பெரிய கலைஞரே பங்கெடுத்த தட்டு அது!

காற்றும் மாறிவிட்டது. 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்தது. எல்லாரும் அந்தக் கோப இசைக்குப் போனார்கள். அதன்பின் ஓயாசிஸ், பிளர் போன்ற குழுக்கள் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டன. மை பிளடி வேலன்டைன், ரைட், ஸ்லோடைவ் ஆகிய மூன்று குழுக்களின் தட்டுகளையும் வெளியிட்டது கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி. அதே கம்பெனிதான் 1993-ல் ஓயாசிஸைக் கண்டெடுத்தது. 1995-ல் ஸ்லோடைவின் மூன்றாவது தட்டு 'பிக்மேலியன்' வெளிவந்த ஒரே வாரத்தில் அக்குழுவைக் கைகழுவிவிட்டது. ரைட் குழு 1996-ல் கலைந்தது. அதன் கித்தார் கலைஞர் ஆண்டி பெல், 1999-ல் ஓயாசிஸிலேயே போய் பேஸ் கித்தார் வாசிக்கச் சேர்ந்தார். பிழைப்பு நடக்க வேண்டுமே!

நான் செய்த கேலி

இந்த இடத்தைப் படித்தபோது என் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஆசிரியர் தின விழா. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் பாட வந்தான். நல்ல குரல். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. தரையையே பார்த்துப் பாடினான். விழாவை நடத்திக்கொண்டிருந்தவன் நான். ஒலிபெருக்கியில், "என்னப்பா, கீழே காசு ஏதும் விழுந்து கிடக்கா?" என்றேன். மண்டபமே சிரித்தது. பையன் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனான். மறு வருடம் எவ்வளவு கூப்பிட்டும் அவன் மேடை ஏறவில்லை. நான் அதை அன்றே மறந்தும் போனேன். கேலி செய்தவனுக்கு மறதி சுலபம் அல்லவா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிச் சொல்லியே, முளையைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இங்கிலாந்தின் பத்திரிகைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்.

மீண்டும் வந்தார்கள்

பத்திரிகைகள் மறந்தாலும் கேட்டவர்கள் மறக்கவில்லை. 2003-ல் சோபியா கொப்போலா இயக்கிய 'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' படத்தில் மை பிளடி வேலன்டைனின் பாட்டு ஒன்று ஒலித்தது. கெவின் ஷீல்ட்ஸ் புதிய இசையும் அமைத்தார். 2008-ல் அக்குழு மீண்டும் மேடை ஏறியது. ஒலி அவ்வளவு பெரிது என்பதால் வந்தவர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள்! 2013 பிப்ரவரி 2-ஆம் நாள், 21 ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் அடுத்த தட்டு வந்தது. வாங்க முண்டியடித்த கூட்டத்தில் அவர்களின் இணையத்தளமே படுத்துவிட்டது.

2014-ல் ஸ்லோடைவ் மீண்டும் சேர்ந்தது. 2017-ல் புதுத் தட்டு. 2023-ல் இன்னொன்று. அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. வாலிபத்தில் எட்டாத இடம் ஐம்பது வயதில் கிடைத்தது! 2020-ல் காலமான ரேச்சலின் தாயாருக்கும், டிரம் வாசிக்கும் சைமன் ஸ்காட்டின் தந்தைக்கும் அந்தத் தட்டைக் காணிக்கையாக்கினார்கள். இன்று அவர்கள் கச்சேரியில் முன்வரிசையில் நிற்கும் பலர், சூவ்லாக்கி வந்த பிறகு பிறந்தவர்கள். கைத்தொலைபேசியில் வரும் சின்னஞ்சிறு காணொளிகளின் பின்னணியில் கேட்டு, யார் பாட்டு என்று தேடி வந்தவர்களும் அவர்களில் உண்டு. என் மகளும் அப்படி வந்தவள்தான்.

புதியவர்கள் பழையதை அப்படியே திருப்பி வாசிக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய டெஃப்ஹெவன் குழு, 2013-ல் தந்த 'சன்பேதர்' தட்டில் அலறும் கறுப்பு மெட்டல் இசையோடு இதைக் கலந்தது. பிலடெல்பியாவின் நத்திங் குழு, முரட்டுப் பங்க் இசையிலிருந்து இதற்கு வந்தவர்களால் ஆனது. தென்கொரியாவில் பாரனூல் என்ற புனைபெயரில் ஓர் இளைஞர், உண்மைப் பெயரைச் சொல்லாமல், 2021-ல் தனியாளாக ஒரு தட்டு செய்தார். கித்தார் ஒலியைக்கூடக் கணினியிலேயே உண்டாக்கினார். உலகெங்கும் அதைக் கேட்டார்கள்.

2023-ல் சான் பிரான்சிஸ்கோவில் கல்லூரி மாணவி ஒருத்தி, இணையத்தில் கிடைத்த ஓர் இசைத்துண்டின் மேல், கைத்தொலைபேசியின் காதொலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாடினாள். 'யுவர் ஃபேஸ்' என்ற அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கான முறை கேட்டார்கள். பெரிய கம்பெனி அவளைத் தேடி வந்தது. விஸ்ப் என்பது அவள் மேடைப் பெயர். அன்று 19 கூடங்கள் ஏறி இறங்கித் தேடிய ஒலியின் வாரிசு, ஒரு படுக்கையறையில் பிறந்துவிட்டது!

இதில் ஆபத்தும் உண்டு. பெடலும் கணினியும் மலிவானதால், மழை இரைச்சலை யாரும் உண்டாக்கலாம். மழைக்குள்ளே பாட்டு ஒன்று இருக்க வேண்டுமே! அது இல்லாமல் இரைச்சலை மட்டும் பிரதி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நிலைக்க மாட்டார்கள். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: காதில் மாட்டிக்கொண்டு கேட்கும்போது ஒலியைக் குறைத்து வையுங்கள். காது போனால் திரும்ப வராது.

இளையவர்களுக்கு ஏன் இது பிடிக்கிறது என்று மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இதுல யாரும் என்னைப் பாக்கச் சொல்லலப்பா" என்றாள். எப்போதும் முகத்தைக் காட்டு, சிரி, படம் எடு என்று சொல்லும் காலத்தில் வளரும் பிள்ளைகள் இவர்கள். தலை குனிந்து நிற்கவும் ஓர் இடம் வேண்டும் போலிருக்கிறது. தலை குனிந்த பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அது எந்தப் பெட்டியை அழுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். போன வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவனைப் பார்த்தேன். இப்போது ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில் செய்கிறான். நன்றாகவே இருக்கிறான்.

"இப்பவும் பாடுறியாப்பா?" என்று கேட்டேன்.

பெட்டியின் திருகைத் திருப்பிக்கொண்டே, தலை நிமிராமல், "இல்ல சார். மத்தவங்க பாடுறத நல்லா கேக்கிற மாதிரி சரி பண்ணிக் குடுக்கிறேன்" என்றான்.

அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இந்த வருடத் திருவிழா இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறது. கூட்டம் சேரும் முன்பே போய், அவனிடம் மன்னிப்புக் கேட்பதாக இருக்கிறேன். ஒலிபெருக்கியில் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்க்கும் தரையையே நானும் பார்த்துக்கொண்டு.